பட்டகத்தின் கன அளவு: வடிவத்துக்கொரு சூத்திரமா, ஒரே விதியா?

என் மாலை வகுப்பில் பட்டகங்களின், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கே வெட்டினாலும் ஒரே வடிவமும் அளவும் கிடைக்கும் திண்மங்களின், கன அளவை இந்த ஆண்டு ஒரே விதியில் முடித்துவிட்டேன்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கு. வடிவத்துக்கொரு சூத்திரம் என்று பட்டியல் எழுதிப்போட்டு ஒப்பிக்கவைக்கும் வேலை இல்லை. நோட்டில் சூத்திரமே காணோமே என்று பெற்றோர் சிலருக்கு வருத்தம்தான்.

பட்டியலின் வசதி தெரிந்ததே. கனச்செவ்வகம் என்றால் நீளம், அகலம், உயரம். உருளை என்றால் பை, ஆரத்தின் வர்க்கம், உயரம். எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும். ஒழுங்கு அறுகோணப் பட்டகம் வரும்போதுதான் தடுமாற்றம்: வர்க்கமூலம் மூன்றா, இரண்டா, கீழே நான்கா, இரண்டா? விதியை நம்புகிறவர் அறுகோணத்தை ஆறு சமபக்க முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

என் மனம் ஒரே விதியின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நீச்சல்குளக் கணக்கு. நீளம் 25 மீட்டர், அகலம் 10 மீட்டர். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், சீராகச் சரிந்து மறுமுனையில் 2 மீட்டர். பட்டியலில் இதற்கு இடமில்லை. பக்கச் சுவரைப் பார்க்கச் சொன்னால் அது ஒரு சரிவகம். பரப்பு 37.5 சதுர மீட்டர். அகலம் 10-ஆல் பெருக்க 375 கன மீட்டர், அதாவது 3,75,000 லிட்டர். மேலே கனச்செவ்வகம், கீழே முக்கோணப் பட்டகம் என்று வெட்டினாலும் 250-உம் 125-உம் சேர்ந்து அதே விடைதான். வெட்டும் முறையும் நல்லதே, வரி கூடும் என்பதுதான் குறை. சராசரி ஆழம் 1.5 என்று குறுக்குவழியில் போகிறவர்களும் தப்பித்துவிடுகிறார்கள். ஆனால் முதல் 10 மீட்டர் சமதளமாக இருந்து அதன்பிறகே சரிவு தொடங்கினால், அவர்கள் அதே 375-ஐ எழுதுவார்கள். சுவரின் பரப்பு 32.5, சரியான விடை 325.

இந்த விதிக்கும் ஒரு விலை உண்டு. எனக்கு வகுப்பு நேரம் கரைவது இங்கேதான். கூடாரக் கணக்கு ஒன்று: முகப்பு 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள முக்கோணம், கூடாரத்தின் நீளம் 3 மீட்டர். தரையில் படிந்திருக்கும் செவ்வகத்தையே அடி என்று எடுத்துக்கொண்டு, 6-ஐ 1.5-ஆல் பெருக்கி 9 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 4.5. அடி என்பது தரையைத் தொடும் முகம் அல்ல. எந்த முகத்துக்கு இணையாக எங்கே வெட்டினாலும் அதே வடிவமும் அளவும் கிடைக்கிறதோ, அதுதான். இங்கே அது முகப்பு முக்கோணம். கனச்செவ்வகத்தில் எந்த முகத்தை எடுத்தாலும் விடை மாறாது என்பதால், அதில் தொடங்கும் பிள்ளைக்கு அடியைத் தேடும் பழக்கமே வருவதில்லை. ஆகவே நான் முதலில் கொடுப்பது படுத்துக்கிடக்கும் முக்கோணப் பட்டகம்.

சாய்ந்த பட்டகத்துக்கும் விதி செல்லும். அடுக்கிய நோட்டுகளைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தாலும் காகிதம் கூடுவதோ குறைவதோ இல்லை. இத்தாலியக் கணிதவியலாளர் கவாலியேரி 1635-இல் வெளியிட்ட நூலில் உள்ள கருத்தின் சாரம் இதுவே. உயரத்தை மட்டும் சாய்ந்த விளிம்பில் அளக்காமல் செங்குத்தாக அளக்க வேண்டும். கூம்புக்கும் பிரமிடுக்கும் இந்த விதி நேராகப் பொருந்தாது, மூன்றில் ஒரு பங்கு வேண்டும். அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

நான் பார்ப்பதெல்லாம் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் உருளைக்கும் கனச்செவ்வகத்துக்கும் மனப்பாடச் சூத்திரமே முந்தக்கூடும்; அவர்களிடம் பட்டியலைக் கிழித்துப்போடச் சொல்லமாட்டேன்.