பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1: பழைய ஃபிலிம் கேமராவில் எதற்குப் பணம் போடலாம்?

இரண்டும் 1976-இல் சந்தைக்கு வந்தவை. இரண்டிலும் 35 எம்எம் ரோல், துணித் திரை ஷட்டர் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடி ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் இரண்டு திரைகள்), அதிகபட்ச வேகம் 1/1000 நொடி. ஒற்றுமை அத்தோடு சரி. கே1000 முழுக்க பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். பெரிய மாற்றமில்லாமல் 1997 வரை தயாரித்தார்கள். ஏஇ-1 நுண்செயலி வைத்த முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் காணும் காட்சியையே உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாகக் காட்டும் கேமரா). இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வசதிப் பட்டியலை அல்ல, எது கெட்டால் சரிசெய்ய முடியும் என்பதை.

பேட்டரியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். கே1000-க்கு ஒரே ஒரு எல்ஆர்44. வாட்ச் கடையில் கிடைக்கும். அதுவும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி இல்லாவிட்டாலும் எல்லா வேகங்களும் வேலை செய்யும். மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, ஆகவே லென்ஸ் மூடியைக் கழற்றி வைத்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஏஇ-1-க்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 வேண்டும். கிடைக்காவிட்டால் நான்கு எல்ஆர்44-ஐ அடுக்கி, காகிதம் சுற்றிப் போடலாம். பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அசையாது. பேட்டரி மூடி உடையக்கூடிய பிளாஸ்டிக். நகத்தால் நெம்பித் திறந்து உடைத்தவர்கள் ஏராளம்.

கே1000-ஐ வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து எல்லா வேகங்களிலும் அழுத்திப் பாருங்கள். போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்தால் 1 நொடி வேகத்துக்கு ஏறக்குறைய 240 ஃபிரேமும், 1/30-க்கு 8 ஃபிரேமும் திறந்திருக்க வேண்டும். 1 நொடி, 1/2, 1/4 இழுவையாக ஓடினால் மெதுவேகப் பல்சக்கரத் தொகுதியில் கிரீஸ் உறைந்திருக்கிறது என்று பொருள். 1/1000-இல் சட்டத்தின் ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. படத்தில் அது கறுப்புப் பட்டையாக விழும். இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. அடித்தட்டைக் கழற்றித் திரையின் இழுவிசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் வேகம் அப்போதைக்குச் சரியாகத் தெரியும். பழைய கிரீஸ் உள்ளேயே கிடப்பதால் குறை திரும்பி வரும். ‘சர்வீஸ் பண்ணியது’ என்றால் சுத்தம் செய்து எண்ணெய் போட்டார்களா, முறுக்கி மட்டும் விட்டார்களா என்று கேளுங்கள்.

மீட்டரைச் சோதிக்க உச்சி வெயில் போதும். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 200, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 16, வேகம் 1/250 வைத்து வெயில் விழும் இடத்தைப் பார்த்தால் ஊசி நடுவில் நிற்க வேண்டும். ஒரே அளவு தள்ளி நின்றால் ஐஎஸ்ஓ டயலை மாற்றி ஈடுகட்டிக்கொள்ளலாம். அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது ஊசி துள்ளினால் உள்ளே மின்தடை வளையத்தில் அழுக்கு. அது பிரித்துத் துடைக்கிற வேலை.

ஏஇ-1-இன் புகழ்பெற்ற நோய் இருமல். ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்றோ இழுத்தாற்போலவோ ஒரு சத்தம். கேட்டதும் ஷட்டர் போச்சு என்று நினைப்பார்கள். உண்மையில் லென்ஸுக்குப் பின்னால் எழுந்து இறங்கும் கண்ணாடியை இயக்கும் பொறியின் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றியிருக்கும், அவ்வளவுதான். முற்றினால் கண்ணாடி சோம்பலாக எழும். அடித்தட்டைக் கழற்றி, நீண்ட ஊசி கொண்ட சிரிஞ்சால் அந்தச் சக்கரத்தில் ஒரே ஒரு பொட்டு வாட்ச் எண்ணெய் விட்டால் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது சொட்டு ஆபத்து: எண்ணெய் பரவி ஷட்டரின் மின்காந்தத்தில் ஒட்டினால் திரைகள் கண்டபடி ஓடும். துரு நீக்கும் ஸ்பிரேயை எந்தக் கேமராவுக்குள்ளும் அடிக்காதீர்கள். இருமுகிற ஏஇ-1-ஐ அதைச் சொல்லியே விலை குறைத்து வாங்கலாம். அது பேரத்துக்குக் கிடைத்த வரம்.

பயப்பட வேண்டியது வேறு. புது பேட்டரி போட்டும் செக் பட்டனை அழுத்தும்போது மீட்டர் ஊசி அசையவே இல்லையென்றால், பேட்டரி அறையில் பச்சைக் கறை இருக்கிறதா பாருங்கள். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தும் உயிர் வரவில்லையா? விட்டுவிடுங்கள். மேல்மூடிக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்குப் புது உதிரி கிடையாது. இன்னொரு ஏஇ-1-ஐ அறுத்துத்தான் போட வேண்டும்.

படம் எடுக்கும் சுகத்தில் ஏஇ-1 ஒரு படி மேல். ஷட்டர் வேகத்தை 1/250-இல் வைத்து, லென்ஸை ‘ஏ’-வில் நிறுத்திவிட்டால் அபெர்ச்சரை அதுவே பார்த்துக்கொள்ளும். தெருவில் ஓடுகிற குழந்தையைப் படம்பிடிக்க இது பெரிய உதவி. வியூஃபைண்டரின் நடுவில் பிளவு வட்டமும் உண்டு: இரண்டாகப் பிளந்து தெரியும் உருவம் ஒன்றுசேர்ந்தால் ஃபோகஸ் சரி. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஃபோகஸ் சுலபம். ஆனால் மேனுவலுக்கு மாறினால் எரிச்சல்தான். ஊசி அதன் பரிந்துரையைக் காட்டுமே தவிர, நீங்கள் வளையத்தில் வைத்திருப்பதைக் காட்டாது. வெளிச்சக் கணக்கைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு கே1000-இன் ஒற்றை ஊசியே நல்ல வாத்தியார்.

இரண்டிலும் பின்கதவின் கறுப்பு நுரைப் பட்டை இந்நேரம் தார் போல உருகியிருக்கும். கலர் படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பல்குச்சி கொண்டு சுரண்டி எடுத்து, பள்ளத்தில் 1.5 மிமீ நுரை அல்லது கறுப்பு உல்லன் நூல் ஒட்டலாம். கண்ணாடி மோதும் இடத்து நுரையை மாற்றும்போது ஃபோகஸ் திரையில் ஆல்கஹால் படக் கூடாது, பிளாஸ்டிக், வெளுத்துவிடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் எந்த லென்ஸும் தப்பாது. தோல் உறையில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து.

லென்ஸ் விஷயத்தில் பென்டாக்ஸ் கெட்டி: அதன் கே மவுண்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) இன்னும் உயிரோடு இருக்கிறது. கேனானின் எஃப்டி மவுண்ட் 1987-இல் கேனானின் புதிய இஓஎஸ் வரிசை வந்ததோடு கைவிடப்பட்டது. எஃப்டி லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 42 மிமீ, இஓஎஸ் எஸ்எல்ஆரில் 44. அதனால் இடையில் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரக் காட்சி ஃபோகஸ் ஆகாது. உள்ளே எழும் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தச் சிக்கல் இல்லை.

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மூடியபின் கடைக்கு வரும் ரோல் பெரும்பாலும் இறக்குமதி. வீணாகும் ஒவ்வொரு ஃபிரேமும் காசு. அதனால் எங்கள் ஓட்டு கே1000-க்கு. அதிலும் ஒரு திருத்தம்: பெயருக்காகவே அதற்கு விலை ஏறிவிட்டது. அதன் மூத்த உடன்பிறப்பான பென்டாக்ஸ் கேஎம் கிடைத்தால் விடாதீர்கள். அதே உடல், கூடவே செல்ஃப் டைமரும், எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழும் என்று முன்பே பார்க்க அபெர்ச்சரை மூடிக் காட்டும் வசதியும் உண்டு. பணம் தாராளமாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு நிக்கான் எஃப்எம்2: 1982-இல் வந்தது, 1/4000 வரை போகும், எல்லா வேகங்களும் பேட்டரி இன்றி ஓடும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஷட்டரின் உலோகத் தகடுகளை. ரோல் மாட்டும்போது யாராவது விரலால் அழுத்தி ஒரு தகடு நெளிந்திருந்தாலும் வாங்க வேண்டாம்.