ஆன்லைன்ல ஜாஸ் பியானோ கார்ட்ஸ் கோர்ஸ்: மூணு மாசம் பண்ணி முடிச்சாச்சு

கோர்ஸ் பேரு சொல்லல, ஆனா மேஜர் மைனர் ட்ரையட், அதாவது மூணு நோட்ட சேர்த்து வாசிக்கற கார்டு, மட்டும் தெரிஞ்சு, ஜாஸ் கேட்டா இதுல என்ன கார்டு போகுதுன்னே பிடிபடலங்கறவங்களுக்கு இந்த அனுபவம் உதவும்.

முதல் ஆறு பாடம் பிரமாதம். நான் முன்னாடி பார்த்த கோர்ஸ்லாம் எடுத்த உடனே பெரிய கார்டு சார்ட்ட குடுத்துடும், அதை மனப்பாடம் பண்றதுலயே அலுத்துப் போயிடும். இதுல ஒரே ஒரு ப்ரோக்ரஷன் (கார்டு வரிசை), டூ ஃபைவ் ஒன், அதாவது ஸ்கேலோட ரெண்டாவது, அஞ்சாவது, முதல் நோட்டுல கட்டற கார்டுங்க. சி மேஜர்ல அது டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இடது கைல ரூட் (கார்டு பேருல இருக்கற அடி நோட்டு), வலது கைல அதுலேருந்து எண்ணினா மூணாவதும் ஏழாவதுமா வர்ற தேர்டும் செவன்த்தும், அவ்ளோதான். டி மைனர் செவனுக்கு எஃப், சி. ஜி செவனுக்குப் போறப்போ எஃப் அப்படியே நிக்குது, சி மட்டும் அரை ஸ்டெப் இறங்கி பி ஆகுது, அப்புறம் சி மேஜர் செவனுக்கு பி நிக்குது எஃப் இறங்கி இ ஆகுது. வலது கைல ஒரு விரல்தான் நகருது, ஆனா அந்த ஜாஸ் சத்தம் வந்துடுது! எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, திரும்பத் திரும்ப வாசிச்சுட்டே இருந்தேன்.

12 கீலயும் பழக அவங்க சொல்ற வழியும் அருமை. சி மேஜர் செவன்ல முடிச்ச உடனே அதை சி மைனர் செவனா மாத்தினா பி ஃப்ளாட் கீயோட டூ கார்டு ஆயிடும், அங்கேருந்து எஃப் செவன், பி ஃப்ளாட் மேஜர் செவன், இப்படியே இறங்கினா ஆறு கீ முடிஞ்சு சிக்கே வந்துடலாம். மிச்ச ஆறுக்கு பில ஆரம்பிக்கணும்.

குறைன்னா, ஃபிஃப்த்த (அஞ்சாவது நோட்ட) விட்டுடலாம்னு சொல்லிட்டு அது எங்க விடக்கூடாதுன்னு சொல்லவே இல்ல. மைனர் கீ டூ ஃபைவ் ஒன்ல டூ கார்டு ஹாஃப் டிமினிஷ்டு, அதுல ஃபிஃப்த் ஃப்ளாட் ஆகுது, அதாவது அரை ஸ்டெப் இறங்குது. அதை விட்டா வெறும் மைனர் செவன் மாதிரிதான் கேக்கும், ஏன்னா தேர்டும் செவன்த்தும் ரெண்டுலயும் ஒண்ணுதான். இது புரிய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

ஏழாவது பாடத்துல திடீர்னு ரூட்லெஸ் வாய்ஸிங்குக்கு (ரூட்ட விட்டுட்டு கார்ட வாசிக்கறது) போயிடறாங்க. ஜாஸ் பியானிஸ்ட் பில் எவன்ஸ் மாதிரி பெரியவங்க வாசிச்ச முறைதான், ஆசையாதான் இருக்கு. ஆனா டி மைனர் நைனுக்கு (டி மைனர் செவனோட ஒன்பதாவது நோட்டும் சேர்ந்தது) எஃப், ஏ, சி, இ புடின்னா தனியா உக்காந்து வாசிக்கறவங்க காதுக்கு அது எஃப் மேஜர் செவனாதான் விழும், அடியில டி வாசிக்க ஒரு பேஸ் வாத்தியம் வேணும்ல? பேக்கிங் ட்ராக் (கூட ஓட விட்டு வாசிக்கற பக்கவாத்திய ஒலிப்பதிவு) பத்தாவது பாடத்துலதான் தர்றாங்க. அதனால ஆறு முடிஞ்ச உடனே பத்தாவதுல இருக்கற ட்ராக்க எடுத்து வச்சுக்கிட்டு ஏழுக்கு வாங்க, இல்லன்னா இடது கைல ரூட்ட வாசிச்சுட்டு வலது கைல இந்த நாலு நோட்ட புடிங்க.

வீடியோ சத்தம், கேமரா கோணம்லாம் ஓகே.

இன்னொண்ணு, லீட் ஷீட்ல (மெலடியும் கார்டு பேரும் மட்டும் எழுதியிருக்கற தாள்) வர்ற குறிகளுக்கு விளக்கம் எங்கயுமே இல்ல. முக்கோணம் போட்டா மேஜர் செவன், மைனஸ் போட்டா மைனர், வட்டத்துல குறுக்குக் கோடு போட்டா ஹாஃப் டிமினிஷ்டு. எழுதி பியானோ மேல ஒட்டிட்டு ஆரம்பிங்க.