பட்ஜி கலர்க் கணக்கு: கால்குலேட்டரும் நோட்டும், சில வருட அனுபவம்

பட்ஜி ஜோடியில் ஆண், பெட்டை இரண்டின் கலரையும் கொடுத்தால் குஞ்சு என்ன கலரில் வரும் என்று சதவீதம் போட்டுச் சொல்லும் கால்குலேட்டர்கள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. திருநகரில் மொட்டை மாடிக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன் (பட்ஜியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், மதுரைக் கடைகளில் பட்ஜி என்றால் முழிப்பார்கள்), சில வருடங்களாக இதைப் பயன்படுத்துகிறேன். கணக்கு சரியாகத்தான் போடுகிறது. நாம் உள்ளே கொடுக்கும் தகவல்தான் பாதி ஊகம்.

இந்தப் பறவையின் காட்டு நிறம் பச்சை. அது நீலத்தை அமுக்கிவிடும், நீலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் பச்சையைத்தான் ஸ்பிளிட் என்கிறோம். உண்மையில் நீல நிறமி என்று ஒன்று இறகில் கிடையாது, மஞ்சள் நிறமி உருவாகாமல் போனால் பச்சை நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்குக் காரணமான ஜீனை 2017-ல் கண்டுபிடித்தார்கள். கடையில் வாங்கிய பச்சை ஸ்பிளிட்டா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீலத்தோடு ஜோடி போட வேண்டும். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் ஸ்பிளிட் என்பது உறுதி. ஐந்தும் பச்சையாக வந்தால் அது ஸ்பிளிட்டாக இருக்காது என்று ஓரளவு நம்பலாம், ஸ்பிளிட்டாக இருந்தும் அப்படி அமைய 32-ல் ஒரு வாய்ப்பு உண்டு.

எனக்கு அதிகம் உதவியது லுட்டினோ (உடம்பு மஞ்சள், கண் சிவப்பு) கணக்குதான். இது பாலினத்தோடு சேர்ந்தே இறங்கும். லுட்டினோ ஆணைச் சாதாரண பச்சைப் பெட்டையோடு விட்டால் பிறக்கிற லுட்டினோ எல்லாம் பெட்டை, பச்சை எல்லாம் ஆண். கண் திறக்காத குஞ்சைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் லுட்டினோ என்றால் இமைத்தோலுக்கு அடியிலேயே கண்ணின் சிவப்பு தெரியும், ஆணா பெட்டையா என்று அறிய மூக்குக்கு மேலே நிறம் வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டைக்கு அந்த ஜீன் ஒன்றுதான் இருக்க முடியும், இருந்தால் அது வெளியே தெரிந்துவிடும். அதனால் லுட்டினோ ஸ்பிளிட் பெட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படிச் சொல்லி என்னிடம் கூடுதல் விலை கேட்ட கடைக்காரரும் உண்டு!

அப்புறம் வெள்ளை. இதில்தான் கால்குலேட்டர் தடுமாறும், ஏனென்றால் நாம் தடுமாறுவோம். சிவப்புக் கண் என்றால் அல்பினோ. கருப்புக் கண் வெள்ளை பெரும்பாலும் இரட்டை ஸ்பேங்கிள் (ஸ்பேங்கிள் ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தது), அதையும் கடையில் அல்பினோ என்றே கொடுப்பார்கள். அப்படி ஒரு கருப்புக் கண் வெள்ளை ஆணையும் நிஜ அல்பினோ பெட்டையையும் சேர்த்தேன். ஒன்றுகூட வெள்ளை இல்லை, அத்தனையும் நீல ஸ்பேங்கிள், இறக்கையில் ஓரம் மட்டும் கருப்புக் கோடு. அல்பினோ என்பது ஒரு வெள்ளைப் போர்வை மாதிரி, அடியில் என்ன கலர் இருக்கிறது என்று குஞ்சு வந்தால்தான் தெரியும்.

இதெல்லாம் தனி ஜோடியாக விட்டால் மட்டும்தான். ஒரே கூண்டில் கூட்டமாக விட்டு மானாமதுரைக் கலயங்களைக் கட்டிவிட்டால் அப்பா யார் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை, அங்கே கால்குலேட்டரைத் திறப்பதே வீண். எந்த ஜோடி, எந்தக் குஞ்சு, காலில் எந்த எண் வளையம் என்று எழுதிவைத்த நோட்டுதான் எனக்குச் சோறு போட்டது. சித்திரை வெயிலில் கலயத்தைக் கழற்றிவிடுவேன். நோட்டைப் புரட்டி அடுத்த சீசனுக்கு ஜோடி பிரிப்பது அப்போதுதான்.

ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு ஜோடி சொல்கிறேன். சாம்பல் கலந்த நீலத்தில் மாவ் என்று ஒன்று வரும், எங்கள் பக்கம் அவ்வளவாக விலை போகாது. அதை வெளிர் நீலத்தோடு விடுங்கள், குஞ்சு அத்தனையும் கோபால்ட் நீலம். கோபால்ட்டையும் கோபால்ட்டையும் சேர்த்தால் சராசரியாகப் பாதிதான் கோபால்ட், மிச்சத்தில் திரும்பவும் மாவ் வந்து உட்காரும்.