விபத்துக்குப் பின் நான் பெற்ற மனநலச் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

சாலை விபத்து நடந்து ஓராண்டு கடந்த பின்னும், பிரேக் போடும் சத்தம் கேட்டாலே உடல் விறைத்துப்போகும் நிலையில்தான் இந்தச் சிகிச்சை மையத்தை நாடினேன். முதல் நாளே, அதிர்ச்சி அனுபவத்தின் பாதிப்பை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். 80-க்கு 52 வந்தது; மதிப்பெண் கூடக்கூடப் பாதிப்பும் அதிகம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பதை விரிவான நேர்காணலுக்குப் பிறகே உறுதிசெய்தார்கள்.

வாரம் ஒருமுறை 90 நிமிடம், கண்களை மூடிக்கொண்டு, விபத்தை இப்போதுதான் நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கண்ணாடி நொறுங்கியதைச் சொல்லும் இடத்தில் என் குரல் உடையும். முதல் வாரம் முழுவதும் அங்கேயே செல்பேசியை அணைத்துவிட்டேன். நினைவைத் தவிர்க்கத் தவிர்க்கத்தான் அச்சம் வேரூன்றும் என்று சிகிச்சையாளர் பொறுமையாக விளக்கியிராவிட்டால் அத்தோடு நின்றிருப்பேன். ஆறாவது அமர்வுக்குப் பின் அதே இடத்தைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், சலிப்புதான் தட்டியது. அது நல்ல அறிகுறியாம்.

தொடக்கத்தில் தூக்கம் மேலும் கெடக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது பெருங்குறை. விபத்துச் செய்திகள் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சியைக் காத்திருப்பு அறையில் வைத்திருப்பதை என்னவென்று சொல்வது! 12 அமர்வுகள் முடிந்தபோது மதிப்பெண் 21. கடந்த வாரம் நானே வண்டி ஓட்டிச் சென்றேன்.