கிராஞ்சித் தூணில் ஒரு பெயர், பாலாற்றங்கரையில் ஒரு வீடு

சிங்கப்பூரில் இத்தனை வருடம் இருந்தும் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போன நவம்பரில்தான் முதன்முறையாகப் போனேன். பன்னிரண்டு வரிசைத் தூண்களில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று, அந்தக் கால இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையின் பெயர் போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் நம்மூர்ப் பெயர்களாக வரத் தொடங்கின. அதில் ஒன்று என் தாத்தாவின் பெயர். தாத்தா போருக்குப் போனவர் அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனாலும் நகர மனசு வரவில்லை.

தூணில் பெயருக்கு மேல் விவரம் கிடையாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடினால் படை எண், இறந்த தேதி, பல பேருக்குத் தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர்கூட இருக்கிறது. இவருக்கு எல்லாமே இருந்தது. வட ஆற்காடு, வாலாஜா தாலுகா, எங்கள் ஊரிலிருந்து நாலைந்து மைல் தள்ளி ஒரு கிராமம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். இப்படித் தேட நினைக்கும் யாருக்காவது உதவும்.

முதல் சிக்கல், வட ஆற்காடு என்று இப்போது மாவட்டமே இல்லை. 1989-ல் வேலூர், திருவண்ணாமலை என்று பிரித்தார்கள். 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. இது தெரிந்தும் நான் முதலில் ஏறியது தவறான மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அலுவலகப் படியை. அரை நாள் காத்திருந்த பிறகு, அந்தத் தாலுகா எங்களிடம் இல்லை என்றார்கள். சரியான மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான வேலையைப் பார்க்கும் ஒருவர் உட்காரவைத்துப் பேசினார். சுதந்திரத்துக்கு முந்தைய சிப்பாய்களின் பதிவு மாவட்டத்தில் இருக்காது, படைப்பிரிவின் தலைமையிடத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார். பழைய மெட்ராஸ் சாப்பர்ஸ்தான் இன்றைய மெட்ராஸ் என்ஜினியர் குரூப். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. அந்தப் படை ஆட்களை ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். படை எண்ணைக் குறிப்பிட்டு அங்கே கடிதம் போட்டிருக்கிறேன்.

அப்புறம் நேராகக் கிராமத்துக்கே போய்விட்டேன். விஏஓ அலுவலகத்தில் பழைய இறப்புப் பதிவைக் கேட்டதே என் அறியாமை. வெளிநாட்டில் செத்தவர் பெயர் உள்ளூர்ப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? ஆனால் அங்கே இருந்த ஓய்வுபெற்ற தலையாரி, "பட்டாளத்தான் வீடா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவே கிடையாது. அந்த ஒரு ஊரிலேயே பட்டாளத்தான் வீடு மூன்று. அதில் இரண்டு வீட்டில் ஒரே பெயர்.

இங்கேதான் பட்டியலை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். நம் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். முனுசாமியை மட்டும் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம், முனியசாமியும் அதே எழுத்தில் வரலாம். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், தகப்பன் பெயரையும் மனைவி பெயரையும் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் பர்மாவிலிருந்து உயிரோடு திரும்பி, நிலம் வாங்கி, பேரன் பேத்தி பார்த்துப் போனவர். இரண்டாவது வீட்டில், நான் மனைவி பெயரைப் படித்து முடிப்பதற்குள், திண்ணையில் இருந்த அம்மாள் "எங்கம்மா பேரு" என்றார்.

எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவர் பிறந்தபோது அப்பா கப்பல் ஏறிவிட்டார். முகம் பார்த்ததில்லை, வீட்டில் போட்டோவும் இல்லை. ஆளைக் காணவில்லை என்று மட்டும் தந்தி வந்ததாம். செத்தார் என்று யாரும் நேரில் வந்து சொல்லாததால் அவருடைய அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. பென்ஷன் வந்தபோதும் அழிக்கவில்லை.

போனில் இருந்த தூணின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "எரிச்சாங்களா, பொதைச்சாங்களா?" என்று கேட்டார். எரியூட்டப்பட்ட சுமார் 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர், தூண்களுக்குப் பின்னால் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. தூணில் பெயர் இருந்தால், உடல் எங்கே என்று தெரியாதவர் என்று பொருள். அதை அவரிடம் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"என்ன நாளு தம்பி அது?"

பதிவில் உள்ள தேதி 15 பிப்ரவரி 1942, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும், அன்று சீனப் புத்தாண்டு. அப்படியென்றால் அமாவாசையாகத்தான் இருக்க வேண்டும். போனில் பழைய பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். விசு வருடம், மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை.

"மாசி அமாவாசையா? அன்னிக்கு மயானக் கொள்ளை ஆச்சே" என்றார். சிவராத்திரி முடிந்து அங்காளம்மனை ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும் நாள். இந்தப் பக்கத்துக்கே பெரிய திருவிழா அது. அந்த வருடமும் பாலாற்று மணலில் கூட்டம் கூடியிருக்கும், கைக்குழந்தையாகத் தன்னையும் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தேதி தெரியாததால் இத்தனை வருடமும் அந்த வீட்டில் அவருக்குத் திதி கொடுத்ததே இல்லை. பேரனைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் அட்டையில் பெயரையும் நாளையும் எழுதச் சொன்னார். அவன் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, இந்த மாசிக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று மருமகளிடம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.