ஒழுகும் ரேடியேட்டர்: அடைப்பதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

கம்பெனி ரேடியேட்டர் பழுதாகி, அதைவிட மலிவாக வெளிச்சந்தை ரேடியேட்டர் (கார்க் கம்பெனியின் பெயரில் வராத, வேறு நிறுவனத் தயாரிப்பு) மாட்டியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கிறது. சொன்ன மாத்திரத்தில் யோசனைகள் வந்து குவியும். உதிரிபாகக் கடைக்காரர் கசிவடைக்கும் திரவத்தை எடுத்து நீட்டுவார். பட்டறைக்காரர் பற்றவைத்துத் தருகிறேன் என்பார். கார்ப் பித்துப் பிடித்த நண்பர் டேங்க் உட்பட முழுதும் அலுமினியத்தாலான ரேடியேட்டருக்கு மாறச் சொல்வார். சர்வீஸ் சென்டரில் கம்பெனி ரேடியேட்டரின் விலையைச் சொல்லித் தலைசுற்ற வைப்பார்கள். எங்கே கசிகிறது என்று பார்க்காமல் இவற்றில் எதைச் செய்தாலும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அங்கே கைப்பம்புடன் கூடிய அழுத்தச் சோதனைக் கருவியைப் பொருத்த வேண்டும். மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார் வரை, காற்றடித்துக் கால் மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். கருவியின் முள் இறங்கவே இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் மூடியைச் சந்தேகிக்கலாம். சோதனையின்போது அதுதான் கழன்று கிடக்கிறது. முள் இறங்கியும் ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் ஈரமே இல்லையென்றால் வாட்டர் பம்பு, ஹீட்டர், ஹெட் கேஸ்கெட் பக்கம் தேட வேண்டும்.

வெளிச்சந்தை ரேடியேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ் மாட்டும் கழுத்து. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று நீளவாக்கில் ஓடும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். நல்ல தயாரிப்பில் அதைச் சீவிவிட்டிருப்பார்கள். மலிவானதில் அப்படியே இருக்கும். ஹோஸின் ரப்பர் அதன் ஓரங்களில் படியாமல், அந்த வழியே சொட்டும். உடனே கிளிப்பை இன்னும் இறுக்கத்தான் பலருக்கும் கை போகும். முறுக்க முறுக்கப் பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விட்டு, கிளிப் செலவோடு முடிய வேண்டியது ரேடியேட்டர் செலவாகிவிடும். கழுத்துக்குள் துணியை அடைத்துக்கொண்டு, வரம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, காரோடு வந்த ஸ்பிரிங் கிளிப்பையே போடுங்கள். கழுத்து சூட்டில் விரிந்தாலும் ஆறிச் சுருங்கினாலும் அது பிடியை விடாது. திருகு கிளிப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அடுத்தது, ஓரத்துப் பிளாஸ்டிக் டேங்கும், மெல்லிய குழாய்களும் தகடுகளும் கொண்ட நடுப்பகுதியான அலுமினியக் கோரும் சேரும் விளிம்பு. இடையில் ரப்பர் கேஸ்கெட் வைத்து, அலுமினியப் பற்களை மடக்கி இறுக்கியிருப்பார்கள். நுண்ணிய கசிவென்றால் தரையில் சொட்டே விழாது. சூட்டில் காய்ந்து, பற்களின் இடுக்கில் கூலன்டின் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும்.

கசிவடைக்கும் திரவத்தைப் பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே கேடிலாக் நார்த்ஸ்டார் எஞ்சின்களில் கசிவடைக்கும் மாத்திரைகளைப் பயன்படுத்தியது. கோரில் ஊசிமுனைத் துளை விழுந்திருந்தால் கேட்கும். ஆனால் விளிம்பும் கழுத்தும் சூட்டுக்குச் சூடு அசைகிற இடங்கள்; அங்கே அடைப்பு நிற்காது. அந்தத் துகள்களுக்குத் துளை எது, ஹீட்டரின் குறுகிய குழாய் எது என்று தெரியாது என்பது அடுத்த சங்கடம். நடுவழியில் நின்றால் ஊர் வந்து சேர ஊற்றலாம், அவ்வளவே.

பற்றவைப்பது செம்பு, பித்தளை ரேடியேட்டர் காலத்து வழி. ஈயம் வைத்துத் துளையை மூடுவார்கள்; கோரையே மாற்றிப் பழைய டேங்கைத் திரும்ப வைப்பார்கள். அம்பாசடர் வைத்திருந்தவர்கள் அதை நம்பியதில் நியாயம் உண்டு. அலுமினியத்தின் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் இருப்பதால் ஈயம் எளிதில் ஒட்டாது. ஆர்கான் வெல்டிங் வைத்தாலோ மெல்லிய குழாய்ச் சுவர் உருகிவிடும். டேங்கின் விரிசலுக்கு எம்-சீல் பூசுவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கோர் நன்றாக இருந்து கேஸ்கெட் மட்டும் போயிருந்தால், தேர்ந்த கை பற்களைத் திறந்து கேஸ்கெட்டை மாற்ற முடியும். ஆனால் மலிவு ரேடியேட்டருக்கு அந்தக் கூலி கட்டுமா என்று கணக்குப் பாருங்கள்.

முழு அலுமினியம் பந்தயக்காரர்களுக்கு. அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிற காருக்கு அது வீண் செலவு.

ஆக, விளிம்பிலோ டேங்கிலோ கசிந்தால் மாற்றுவதுதான். கம்பெனிப் பொருளுக்குக் கை வராவிட்டால், கார்க் கம்பெனிகளுக்கே உதிரிபாகம் செய்து கொடுக்கும் வேலியோ, டென்சோ போன்றவற்றின் சொந்தப் பெயர் ரேடியேட்டர் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். எதை வாங்கினாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கோரின் தடிமன், தகடுகளின் நெருக்கம், மின்விசிறி போல்ட் துளைகள், கீழே ரப்பரில் உட்காரும் முளைகள். முளை சற்றே விலகியிருந்தாலும் அமுக்கித் திணித்துவிடுவார்கள். அந்த இழுவை விளிம்பில்தான் போய் இறங்கும்.

பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். அது உடைந்தால் கூலன்ட் எண்ணெயில் கலந்து, கியர்பாக்ஸுக்கே உலை வைக்கும். அத்தகைய காருக்கு மலிவு ரேடியேட்டரைப் போடுவது துணிச்சலல்ல, அசட்டுத்தனம்.

மாட்டிய பிறகு போர் தண்ணீரை ஊற்றாமல், கார்க் கையேடு சொல்லும் வகைக் கூலன்டையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது கூலன்ட் டப்பாவில் அளவு சற்று இறங்கும். அதைக் கசிவென்று நினைத்து, புது ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; நிரப்பிவிட்டு, மறுபடியும் இறங்குகிறதா என்று பாருங்கள்.