டென்ட் முளைகள்: எந்தத் தரைக்கு எது பிடிக்கிறது

டென்ட் வாங்கும்போது, அதன் கயிற்றைத் தரையோடு பிடித்து வைக்க அடிக்கும் முளையை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. துணி எவ்வளவு மழை தாங்கும், கம்பம் அலுமினியமா ஃபைபர்கிளாஸா, மடித்தால் பைக்குள் அடங்குமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கினேன். உள்ளே ஒரு குட்டிப் பையில் 12 மெல்லிய கம்பிகள், தலை மட்டும் கொக்கி மாதிரி வளைந்தவை, கிடந்தன. சரி, இதுதான் பெக் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாவது பயணத்தில் நடுராத்திரி காற்று அடித்தபோது மூன்று மூலையில் கம்பி வெளியே வந்துவிட்டது, நாலாவது வளைந்து போனது. விடியும்வரை உள்ளே உட்கார்ந்து மேல்துணியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சில வருடங்களில் ஆறேழு வகை முளைகளை வாங்கி அடித்துப் பார்த்தாயிற்று. அந்த அனுபவம்தான் இது.

முதலில் ஒன்று. டென்ட்டைப் பிடித்து வைப்பது முளை இல்லை, மண். கயிறு இழுக்கும் இழுப்பை முளை மண்ணுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். மண் கெட்டியாக இருந்தால் மெல்லிய முளை போதும், அது உள்ளே இறங்குவதுதான் அங்கே பிரச்சினை. மண் பொலபொலவென்று இருந்தால் இறங்குவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம், அங்கே அகலமும் நீளமும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதால் "எல்லாத் தரைக்கும் ஏற்றது" என்று அட்டையில் போட்டு விற்கும் முளையை நான் நம்புவதில்லை.

கூடவே வரும் அந்தக் கொக்கிக் கம்பிக்கு வருவோம். ஈரம் காய்ந்து ஓரளவு கெட்டியாக இருக்கும் புல்தரையில், காற்று இல்லாத நாளில், ஒன்றும் குறை சொல்ல முடியாது. காலால் மிதித்தாலே இறங்கும், பிடுங்குவதும் சுலபம். ஆனால் உருண்டைக் கம்பி என்பதால் அடித்த துளைக்குள்ளேயே சுழலும். காற்றில் கயிறு ஆட ஆட, கொக்கியின் வாய் திரும்பிக்கொண்டு கயிறு நழுவிவிடும். முளை மண்ணில் அப்படியே நிற்கும், கயிறு மட்டும் காற்றில் பறக்கும். கட்டாந்தரையில் நாலு அடி வாங்கினாலே வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

நான் இப்போது பெரும்பாலும் நம்புவது ஒய் வடிவ அலுமினிய முளை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று இதழ் போல இருக்கும், எந்தப் பக்கம் இழுத்தாலும் மண்ணை அணைக்க ஒரு தட்டையான முகம் உண்டு, திருகாது, எளிதில் வளையாது. எம்எஸ்ஆர் என்ற நிறுவனத்தின் கிரவுண்ட்ஹாக் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது, 19 செ.மீ. நீளம், ஒன்று சுமார் 14 கிராம். அதே வடிவத்தில் வேறு பலரும் செய்கிறார்கள், நான் இரண்டு வகை வைத்திருக்கிறேன், பிடிப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாதாரண மண், புல்தரை, ஓரளவு கல் கலந்த மண் எல்லாவற்றுக்கும் இது போதும். குறை என்றால் தலை கூர்மையாக இருக்கும், உள்ளங்கையால் அழுத்தினால் தோல் கிழியும். வி வடிவ முளையும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம் என்பதால் பையில் இடம் மிச்சம். ஆனால் கல்லில் மோதினால் ஒய் அளவுக்குத் தாங்காது.

டைட்டானியம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிகப் பணத்தை வீணாக்கினேன். மெல்லிய டைட்டானியக் கொக்கி ஒன்று 6, 7 கிராம்தான். கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும். ஆனால் டைட்டானியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.5 கிராம், அலுமினியம் 2.7. அதாவது ஒரே எடைக்கு அலுமினியத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனஅளவு கிடைக்கிறது. பொலபொல மண்ணில் பிடிப்பது உலோகத்தின் உறுதி இல்லை, அகலம். ஆக அங்கே டைட்டானியக் கம்பி, என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கம்பிதான். மாறாகச் சரளை, கெட்டிக் களிமண் போன்ற இடங்களில் ஆணி மாதிரி நேரான டைட்டானிய முளை அருமை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து இறங்கும். எடை பற்றிக் கவலை இல்லாமல் வண்டியில் போகிறவர்களுக்கு எஃகு ஆணியே போதும், அடித்தால் தாங்கும், உறைந்த மண்ணிலும் இறங்கும். கட்டுமான வேலைக்கு விற்கும் நீளமான ஆணியில் ஒரு வாஷர் மாட்டி அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்க லட்சணமாக இருக்காது, வேலை செய்கிறது.

மணல்தான் எல்லோரையும் தோற்கடிக்கும் இடம். 19 செ.மீ. முளை வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும், அதே சுகத்தோடு வெளியே வரும். அகலமான, 30 செ.மீ. அல்லது அதற்கும் நீளமான மணல் முளைதான் கொஞ்சமாவது நிற்கும். குழிந்த பக்கம் டென்ட்டைப் பார்க்க அடியுங்கள். ஈர மணல் உலர் மணலைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதால் அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி மிதித்துவிடுவேன். திருகு முளை ஒன்றும் வாங்கினேன், கையால் திருகித் திருகி இறக்குவது. மணலில் பரவாயில்லை, ஆனால் நடுவே ஒரு வேர் தட்டினால் அங்கேயே நின்றுவிடும், எட்டு முளை திருகி முடிப்பதற்குள் மணிக்கட்டு போய்விடும். உண்மையில் மணலுக்குச் சிறந்த முளை, முளையே இல்லை. ஒரு பையில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிடுங்கள். பை இல்லாவிட்டால் ஒரு தடித்த குச்சியைப் படுக்கவைத்துப் புதைக்கலாம்.

பனியிலும் இதே தந்திரம்தான். பனிக்கென்று துளை போட்ட அகல முளைகள் இருக்கின்றன, 24 செ.மீ. அளவில் கிடைக்கும். அவற்றை நேராக அடிப்பதைவிட, நடுவில் கயிறு கட்டிப் படுக்கையாகப் புதைத்து, மேலே பனியை மிதித்து இறுக்கி, கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். மிதித்த பனி தன்னால் ஒட்டிக் கெட்டியாகிவிடும். காலையில் அதைத் தோண்டி எடுக்க மண்வெட்டி வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

சேற்றுத் தரைக்கு அகலமான பிளாஸ்டிக் முளை. நீளமாக இருந்தால் நல்லது. அதைக் கெட்டி மண்ணிலோ கடுங்குளிரிலோ அடித்தால் தலை தெறித்துப்போகும், அதோடு சரி.

வெறும் பாறை என்றால் முளைப்பையைத் திறக்கவே வேண்டாம். கயிற்றை ஒரு சின்னக் கல்லிலோ குச்சியிலோ கட்டி, அதற்கு முன்னால், டென்ட் பக்கமாக, ஒரு பெரிய கல்லைக் கயிற்றின்மேல் வையுங்கள். இழுக்க இழுக்கச் சின்னது பெரியதில் போய் முட்டி நிற்கும். கயிறு கல்லின் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள்.

அடிக்கும் முறையிலும் நான் ஆரம்பத்தில் தப்புதான் செய்தேன். முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறும் முளையும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சந்திக்கிற மாதிரி. நான் தலையை டென்ட் பக்கம் சாய்த்து அடித்துவிட்டு, ஏன் உருவிக்கொள்கிறது என்று முளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். முழுக்க இறக்கவும் வேண்டும். தலை இரண்டு விரல் அளவு வெளியே நின்று, கயிறு அங்கே மாட்டியிருந்தால், அது நெம்புகோலாகி முளையைத் தானே பிடுங்கும். கல் குறுக்கிட்டால் வெறியோடு அடிக்காமல் ஒரு சாண் தள்ளி அடியுங்கள். காற்று அதிகம் என்றால் ஒரே கயிற்றுக்கு இரண்டு முளை. மழை பெய்தால் நைலான் துணி தளரும், தூங்குவதற்கு முன் ஒரு சுற்றுப்போய்க் கயிற்றை இழுத்துவிட வேண்டும், அதை முளையின் குற்றம் என்று நினைத்துப் பலர் முளையை மாற்றுகிறார்கள்.

"என் டென்ட் தானாக நிற்கும் வகை, முளை எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: நிற்கும், ஆள் உள்ளே இருக்கும்வரை. வெளியே வந்தால் பட்டம்.

இப்போது என் பையில் இருப்பது ஒய் முளை எட்டு, ஆணி முளை நான்கு, ஒரு ரப்பர் சுத்தியல். மணல் என்று முன்பே தெரிந்தால் நாலு காலிப் பை கூடுதலாக. டென்ட்டோடு வந்த அந்த 12 கம்பியில் மூன்று இன்னும் இருக்கின்றன. ஆழமாக இறங்கிப்போன ஒய் முளையின் தலையில் இருக்கும் துளையில் கொக்கியை மாட்டி இழுத்துப் பிடுங்க அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.